கேம்ஸ்டொப்பில் உங்கள் பெயர் சரியாக விழுந்திருக்கிறதா?

"கேம்ஸ்டொப்பில் பதிஞ்சாச்சு, ஆனால் ஒரு சைட் மட்டும் இன்னும் உள்ளே விடுது." இந்த முறைப்பாட்டோடு வருகிறவர் பொய் சொல்லவில்லை. ஒன்லைன் சூதாட்டத்தை விட நினைப்பவர் பெயர் பதியும் கேம்ஸ்டொப்பும் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. பிழை பெரும்பாலும் இரண்டில் ஒன்று: அந்த சைட்டுக்குப் பிரித்தானிய லைசென்ஸ் கிடையாது, அல்லது சைட்டில் இருக்கும் பெயரும் கேம்ஸ்டொப்பில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகவில்லை. முதலாவது எல்லாருக்கும் பொதுவான தலையிடி. இரண்டாவது தமிழ்ப் பெயர்களைத் தேடித் தேடி வரும்.

சுயவிலக்கு என்றால் நீங்களாகவே போய் "இனி என்னை விளையாட விடாதே" என்று எழுதிக் கொடுப்பது. கொடுத்த பிறகு கணக்கைப் பூட்டுவதும் மீதிக் காசைத் திருப்பித் தருவதும் கொம்பனியின் பொறுப்பு. விளம்பரப் பட்டியலிலிருந்து இரண்டு நாளுக்குள் பெயரை எடுத்துவிட வேண்டும். இதெல்லாம் கேம்பிளிங் கமிஷன் கொடுக்கும் லைசென்ஸின் நிபந்தனைகள், யாரும் இரக்கப்பட்டுச் செய்கிற உதவி அல்ல. ஒன்லைன் சூதாட்டத்துக்கான பொதுப் பதிவேடுதான் கேம்ஸ்டொப். 2018 இல் தொடங்கியது. 2020 மார்ச் 31 முதல் லைசென்ஸ் வைத்திருக்கும் எல்லா ஒன்லைன் கொம்பனிகளும் அதில் சேர்ந்தே ஆகவேண்டும் என்றானது. அதற்கு முன் இருபது சைட்டில் கணக்கு வைத்திருந்தவர் இருபது இடத்தில் கெஞ்ச வேண்டியிருந்தது. இன்றைக்கு 5 லட்சத்துக்கும் கூடுதலானோர் அதில் பதிந்திருக்கிறார்கள். பதிவது இலவசம். கடன் மதிப்பீட்டில் அது ஏறாது. "மோட்கேஜ் எடுக்கப் போகிறேன், இதில் பெயர் விழுந்தால் பிரச்சினையா?" என்று தயங்குபவர்கள் தலைகீழாக யோசிக்கிறார்கள். வங்கி ஸ்டேட்மெண்டில் வரிசையாக விழுந்திருக்கும் பெட்டிங் கொம்பனிப் பெயர்களைத்தான் கடன் கொடுப்பவர் பார்ப்பார்.

இனிப் பெயர் விஷயம்.

பிரித்தானியாவில் எல்லாருக்கும் பொதுவான தேசிய அடையாள இலக்கம் என்று ஒன்று இல்லை. சுவீடனில் ஸ்பெல்பாவுஸ் என்ற பதிவேடு 2019 ஜனவரி 1 முதல் இயங்குகிறது. வங்கி அடையாளத்தால் உள்ளே போனால் உங்கள் தனிநபர் இலக்கத்தோடு விலக்கு ஒட்டிக்கொள்ளும். எழுத்துக்கூட்டல் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. இங்கே அப்படி ஒன்று இல்லாததால் பெயர், பிறந்த திகதி, போஸ்ட்கோட், ஈமெயில், போன் இலக்கம் என்பவற்றைச் சேர்த்துவைத்து ஆளை அடையாளம் காண்கிறார்கள். நீங்கள் ஒரு சைட்டில் கணக்குத் திறக்கும்போதோ உள்நுழையும்போதோ அந்த சைட் இந்த விபரங்களைக் கேம்ஸ்டொப்போடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. போதிய அளவு பொருந்தினால் கதவு மூடும், பொருந்தாவிட்டால் திறந்தே கிடக்கும்.

ஜோன் ஸ்மித் என்பவருக்கு இதில் அதிகம் சிக்கல் வராது. எங்கள் பெயர்களுக்கு வரும். இலங்கைப் பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் குடும்பப்பெயர்ப் பெட்டியில் இருக்கும். பந்தயக் கணக்கைத் திறந்தபோது அவசரத்தில் சொந்தப் பெயரை அந்தப் பெட்டியில் போட்டிருப்பார். இந்தியப் பாஸ்போர்ட்டில் பலருக்குக் குடும்பப்பெயர்ப் பெட்டி வெறுமையாகவே இருக்கும். இங்கே வந்து ஒவ்வொரு படிவத்திலும் ஒவ்வொரு விதமாக அதை நிரப்பியிருப்பார்கள். ஓரிடத்தில் இனிஷியல், இன்னோரிடத்தில் அது விரிந்த பெயர். கலியாணத்துக்குப் பிறகு புருஷன் பெயரைச் சேர்த்த பெண்களுக்கு வங்கியில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இன்னொன்று.

எழுத்துக்கூட்டல் அதற்கு மேல். தகரத்துக்கு 'டி' மட்டும் போடுகிறவர் உண்டு, 'டி-எச்' போடுகிறவர் உண்டு. சிவகுமாரின் முதல் எழுத்துக்கு எஸ் மட்டுமா, எஸ்-எச்சா? ழகரத்தைச் சிலர் 'இசட்-எச்' என்பார்கள், சிலர் 'எல்' என்று முடித்துவிடுவார்கள். நீளமான பெயரைச் சலித்துப்போய்ப் பாதியில் வெட்டியவர்களும் இருக்கிறார்கள். இதில் எதுவும் ஏமாற்று வேலை இல்லை. ஆனால் பெயரும் மாறி, பழைய வீட்டு போஸ்ட்கோடும் இருந்து, ஈமெயிலும் வேறாக இருந்தால், இது இரண்டும் ஒரே ஆள்தான் என்று கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கும்?

ஆகவே பதிவதற்கு முன் அரை மணித்தியாலம் செலவழித்து ஒரு கடதாசியில் எழுதுங்கள். எந்தெந்த சைட்டில் கணக்கு இருக்கிறது, ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, எந்த ஈமெயில், எந்தப் போன் இலக்கம், எந்த விலாசம். எல்லாவற்றையும் நினைவிலிருந்து எழுத முடியாது. ஈமெயில் பெட்டியில் "வெல்கம்", "டெபொசிட்", "ஃப்ரீ பெட்" என்று தேடிப் பார்த்தால் மறந்துபோன கணக்குகள் வெளியே வரும். வங்கி ஸ்டேட்மெண்டை ஒரு வருடம் பின்னுக்குத் தட்டிப் பார்த்தால் மீதி வரும். ஒரேயொரு எச்சரிக்கை: விபரம் பார்க்கிறேன் என்று சொல்லி சைட்டுக்குள் போகவேண்டாம். வரவேற்பு ஈமெயிலிலேயே பெயர் இருக்கும். உள்ளே போய்த்தான் பார்க்கவேண்டும் என்றால் பக்கத்தில் ஒருவரை இருத்திக்கொண்டு பாருங்கள்.

கேம்ஸ்டொப்பில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரைப் போடுங்கள். பிறகு கடதாசியைப் பார்த்து, அந்தப் பெயரிலிருந்து விலகி நிற்கும் கணக்குகளைத் தனியாகக் குறியுங்கள். அந்தக் கொம்பனி ஒவ்வொன்றுக்கும் நேரடியாக எழுதித் தனி விலக்குக் கேட்கவேண்டும். இரண்டு வரி போதும்: இந்தக் கணக்கு என்னுடையது, கேம்ஸ்டொப்பில் இந்தப் பெயரில் பதிந்திருக்கிறேன், இதையும் மூடி உறுதிப்படுத்துங்கள். வரும் பதிலை அழிக்காதீர்கள். பின்னால் முறைப்பாடு என்று போனால் இந்த ஈமெயில்தான் சாட்சி. வீடு மாறினாலோ போன் இலக்கம் மாறினாலோ கேம்ஸ்டொப்புக்குள் போய் விபரத்தைப் புதுப்பிக்கவேண்டும். மாணவர் வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்கும், அங்கிருந்து சொந்த வீட்டுக்கும் போனவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

பதியும்போது அடையாளத்தை உறுதிப்படுத்தச் சொல்லும். ஒன்லைனிலேயே உறுதியாகாவிட்டால் ஆவணம் கேட்கலாம். நாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் பாஸ்போர்ட் படத்தையும் விலாசம் காட்டும் ஒரு கடிதத்தையும் போனில் ஆயத்தமாக வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. பாதியில் தடைப்பட்டால் "நாளைக்குப் பார்ப்பம்" என்று எழும்பிவிடுவார்கள், அந்த நாளை பிறகு வராது. தோற்றுப்போன இரவில், இரண்டு மூன்று மணிக்கு, மனம் வெறுத்து எடுக்கும் முடிவு இது. காலையில் சூடு ஆறிவிடும். விலக்கை இலகுவாக்குவது என்று நாங்கள் பேசுவதெல்லாம் கடைசியில் இந்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றித்தான்.

எந்த ஒழுங்கில் செய்வது என்பதும் முக்கியம். கேம்ஸ்டொப் பதிவு முழுதாக நடைமுறைக்கு வர 24 மணித்தியாலம் வரை எடுக்கலாம். "கடைசியாக ஒருக்கால்" என்ற எண்ணம் வருவது அந்த இடைவெளியில். அதனால் முதலில் வங்கியைப் பூட்டுங்கள். வங்கி ஆப்பில் கார்ட் செட்டிங்ஸுக்குள் சூதாட்டத் தடை என்று ஒரு சுவிட்ச் இருக்கும். 2018 இல் மொன்ஸோ, ஸ்டார்லிங் போன்றவை தொடங்கிவைத்தது, பிறகு பெரிய வங்கிகளும் பின்தொடர்ந்தன. ஒன் செய்தால் அந்த நிமிடமே வேலை செய்யும். ஓஃப் செய்ய நினைத்தால் வங்கியைப் பொறுத்து 48 அல்லது 72 மணித்தியாலம் காத்திருக்கவேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் அதன் பலமே இருக்கிறது. அதை நம்புவதற்கு முன் ஒரு தரம் பாருங்கள்: உங்கள் கணக்கில் காத்திருப்பு இல்லாமல் உடனே ஓஃப் செய்ய விட்டால் அந்தச் சுவிட்ச் அலங்காரத்துக்குத்தான்.

இந்தத் தடை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் எங்கே ஓட்டை என்றும் தெரியும். கார்ட்டால் காசு வாங்கும் ஒவ்வொரு வியாபாரத்துக்கும் ஒரு வகை இலக்கம் உண்டு, சூதாட்டத்துக்கு 7995. அந்த இலக்கத்தோடு வரும் கட்டணத்தை வங்கி திருப்பி அனுப்பிவிடும். ஆகவே அந்த இலக்கம் தெரியாத வழிகள் எல்லாம் திறந்தே இருக்கும்: வங்கியிலிருந்து வங்கிக்கு நேரடி மாற்றல், இடையில் ஒரு ஒன்லைன் வொலட், கிரிப்டோ, ஏ.டி.எம்மில் எடுத்த காசு. பெட்ரோல் ஸ்டேஷனில் வாங்கும் ஸ்கிராட்ச் கார்ட் பில்லில் பெட்ரோலோடு சேர்ந்துதான் விழும். இரண்டாவது வங்கியில் இருக்கும் கார்ட்டுக்கு முதல் வங்கியின் தடை பொருந்தாது. எத்தனை கார்ட் இருக்கிறதோ அத்தனை சுவிட்ச். ஏ.டி.எம்மின் நாள் எல்லையை ஆப்பிலேயே குறைக்க முடிந்தால் குறையுங்கள். சம்பளம் விழும் கணக்கு ஒன்று, கையில் இருக்கும் கார்ட்டின் கணக்கு இன்னொன்று என்று பிரித்து, கிழமைச் செலவை மட்டும் இரண்டாவதற்குப் போட மனைவியோ அண்ணனோ உடன்பட்டால், மேலே சொன்ன பாதி ஓட்டை அடைபடும்.

வங்கி முடிந்ததும் கேம்ஸ்டொப். அது முடிந்ததும் கேம்பான். கேம்பான் என்பது போனிலும் கம்ப்யூட்டரிலும் சூதாட்ட சைட்டுகளையும் ஆப்புகளையும் மறிக்கும் மென்பொருள். வழமையாகக் காசுக்கு விற்கிறார்கள். பிரித்தானியாவில் டோக்பான்ஸ்டொப் என்ற கூட்டுத் திட்டத்தின் கீழ், கேம்கெயார் என்ற தொண்டு நிறுவனத்தின் வழியாகப் போனால் இலவசம். கேம்ஸ்டொப்பால் எட்ட முடியாத வெளிநாட்டு சைட்டுகளை இது மறிப்பதால் இரண்டும் சேர்ந்துதான் பூரணம். தோற்பது எங்கே என்றால் லாச்சிக்குள் கிடக்கும் பழைய போனில். அல்லது பிள்ளையின் டப்லட்டில். வேலைத்தல லப்டொப்பில் மென்பொருள் போட அனுமதி இருக்காது, அதுவும் ஒரு வாசல். வீட்டில் உள்ள ஒவ்வொரு திரையிலும் போடாவிட்டால் கேம்பான் போட்டதாகவே கணக்கில் எடுக்கவேண்டாம்.

பிரித்தானிய லைசென்ஸ் இல்லாத சைட்டுகள் தங்களைத் தேடிவருபவர்களை எப்படிப் பிடிக்கின்றன தெரியுமா? "கேம்ஸ்டொப்பில் இல்லாத கேசினோ" என்று வெளிப்படையாகவே விளம்பரம் போடுகின்றன. விலகப் பதிந்தவரையே குறிவைத்து எழுதிய வரி அது. அங்கே வென்ற காசைத் தராவிட்டால் இங்கே யாரிடமும் போக முடியாது. கூகிள், ஃபேஸ்புக் கணக்குகளின் விளம்பர செட்டிங்ஸில் சூதாட்ட விளம்பரங்களைக் குறைக்கச் சொல்லும் இடம் இருக்கிறது. அதையும் அதே இரவில் தட்டிவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

எவ்வளவு காலத்துக்கு என்று கேம்ஸ்டொப் கேட்கும். 6 மாதம், 1 வருடம், 5 வருடம். என் கணிப்பில் 6 மாதம் யாருக்கும் பொருந்தாது. ஓகஸ்டில் பிரீமியர் லீக் தொடங்கும்போது பதிந்தவருக்குப் பெப்ரவரியில், சீசன் சூடுபிடித்த நேரத்தில், காலம் முடியும். 5 வருடம் என்றால் பயமாக இருக்கும், அந்தப் பயம் நியாயமும்கூட. ஏனென்றால் தெரிவுசெய்த காலம் முடியும்வரை என்ன சொன்னாலும் நீக்கமாட்டார்கள். ஆனால் காலம் முடிந்த அன்று கதவு தானாகத் திறந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அது பிழை. நீங்களாகத் தொடர்புகொண்டு நீக்கச் சொல்லவேண்டும், அதற்குப் பிறகும் 24 மணித்தியாலம் பொறுக்கவேண்டும். ஒன்றும் சொல்லாமல் விட்டால் மேலும் 7 வருடம் விலக்கு அப்படியே இருக்கும். இந்த விஷயத்தில் கேம்ஸ்டொப்பை வடிவமைத்தவர்கள் சரியாக யோசித்திருக்கிறார்கள்: சோம்பல்கூட விலகியவரின் பக்கம் நிற்கிறது.

இவ்வளவும் ஒன்லைன் மட்டும். தெருவுக்கு இறங்கினால் கதை வேறு.

பெட்டிங் ஷொப்புகளுக்கு மோசஸ் என்று ஒரு திட்டம். கேசினோக்களுக்கு சென்ஸ். சூதாட்ட மெஷின்கள் வைத்திருக்கும் ஆர்கேட்களுக்கு வேறு, பிங்கோவுக்கு வேறு. லைசென்ஸ் கொடுக்கும்போது எல்லாவற்றுக்கும் ஒரே கமிஷன், விலக்குக் கேட்கும்போது மட்டும் ஐந்து வாசல். எந்தப் பதிவும் மற்றதுக்குப் போய்ச் சேராது. கேம்ஸ்டொப்பில் பதிந்த நிம்மதியோடு ஹைஸ்ட்ரீட்டில் நடந்தால், 24 மணித்தியாலமும் திறந்திருக்கும் ஆர்கேட் ஒன்று உங்களை ஒன்றும் கேட்காமல் உள்ளே எடுக்கும்.

மோசஸில் தொலைபேசியிலேயே பதியலாம். கடைக்குள் போய்ப் பதிவதை விட அது நல்லது. விலகுவதற்காக மெஷினைத் தாண்டி கவுண்டருக்கு நடக்கச் சொல்வது, குடியை விட வந்தவனை பார் வழியாகக் கூட்டிப்போவது மாதிரி. முடிந்தவரை கடைக்குள் போகாமலே விலகும் வழி இருக்கவேண்டும் என்று கமிஷனின் விதிக்கோவையும் சொல்கிறது, ஆகவே கூச்சமில்லாமல் கேளுங்கள். காலம் வழமையாக 12 மாதம். நாடு முழுக்க ஒரேயடியாக மூடாது; எந்தெந்தப் பகுதிக் கடைகள் என்று நீங்கள் சொல்லவேண்டும். வீட்டையும் வேலைத்தலத்தையும் எல்லாரும் சொல்வார்கள். மறப்பது மூன்றாவது இடத்தை. இல்ஃபோர்ட்டில் இருப்பவர் மரக்கறி வாங்க ஈஸ்ட்ஹாம் போவார், சறேயில் இருப்பவர் ரூட்டிங் போவார், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு ஹறோவோ வெம்ப்ளியோ. ரெயின் மாறும் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கட்டாயம் ஒரு கடை இருக்கும். ஒரு கிழமைக்கு நீங்கள் கால்வைக்கும் போஸ்ட்கோடுகளை எல்லாம் எழுதிவைத்துக்கொண்டு போன் எடுங்கள்.

படம் கேட்பார்கள். கடையில் உங்களை மறிக்கப்போவது கம்ப்யூட்டர் அல்ல, கவுண்டரில் நிற்கும் ஒரு மனிதர். அவரிடம் பல முகங்கள் இருக்கும், ஷிஃப்டும் மாறும். பத்து வருடத்துக்கு முந்திய பாஸ்போர்ட் படத்தை அனுப்பினால் அவர் எப்படிப் பிடிப்பார்? இப்போதைய தாடி, இப்போதைய கண்ணாடி, நேராகப் பார்க்கும் முகம், நல்ல வெளிச்சம். தமிழ் ஆண்களை ஒருவரிலிருந்து ஒருவர் பிரித்தறியாத ஊழியர் இருப்பார் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. படம் எவ்வளவு தெளிவோ அவ்வளவு நல்லது. இதனால்தான் கடை விலக்கைவிட ஒன்லைன் விலக்கு இறுக்கமானது என்று எப்போதும் சொல்வது. கடையில் முதல் நாளே ஒருமுறை மறிக்கப்பட்டவர் அந்த அவமானத்திலேயே திரும்பிப் போகாமல் விடுவதும் உண்டு, அந்த வகையில் அதற்கும் ஒரு பலன்.

லொட்டரி டிக்கெட்டும் ஸ்கிராட்ச் கார்ட்டும் கடையில் காசு கொடுத்து வாங்கினால் இந்த ஐந்து திட்டத்திலும் அடங்காது. லண்டனில் எத்தனை மூலைக்கடைகளை எங்கள் ஆட்கள் நடத்துகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவரே ஸ்கிராட்ச் கார்ட்டைச் சுரண்டுகிறவராக இருந்தால் எந்தப் பதிவேடும் உதவாது. முதலாளி ரோல்களின் தொடர் இலக்கத்தை ஷிஃப்ட் மாறும்போது எழுதிவைப்பது ஒன்றுதான் அங்கே வேலை செய்யும். திருட்டைப் பிடிக்க என்று நினைக்காமல், ஆளைக் காப்பாற்ற என்றே அதைச் செய்யலாம்.

விலக்கு இருந்தும் லைசென்ஸ் உள்ள கொம்பனி ஒன்று விளையாட விட்டுவிட்டால்? திகதி, நேரம், வைத்த தொகை, உள்ளே போன பெயர், கேம்ஸ்டொப் உறுதிப்படுத்திய ஈமெயில் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து கொம்பனிக்கே முதலில் எழுதுங்கள். அவர்களுக்கு 8 கிழமை அவகாசம். பதில் திருப்தி இல்லாவிட்டால், அல்லது அதற்குள் முடிவே வராவிட்டால், அந்தக் கொம்பனி பெயர் குறிப்பிட்டிருக்கும் மத்தியஸ்த அமைப்புக்குப் போகலாம், அதற்குக் காசில்லை. கேம்பிளிங் கமிஷன் தனிப்பட்ட காசை மீட்டுத் தராது. ஆனால் நீங்கள் அறிவிப்பது லைசென்ஸ் நடவடிக்கைக்கு உதவும். விலக்கைத் தாண்டவென்றே வேண்டுமென்று பிழையான பிறந்த திகதி கொடுத்திருந்தால் காசு திரும்பி வரும் என்று அதிகம் எதிர்பார்க்கவேண்டாம். தமிழ்ப் பெயரின் இயல்பான எழுத்துக்கூட்டல் வேறுபாடு அப்படியல்ல. அந்த வித்தியாசத்தை முறைப்பாட்டுக் கடிதத்தில் தெளிவாக விளக்குங்கள், பாஸ்போர்ட் பக்கத்தையும் இணையுங்கள்.

இதை இலகுவாக்க என்ன வழி என்று கேட்டால், மற்ற நாடுகளைப் பார்த்தாலே பாதிப் பதில் கிடைக்கும். சிங்கப்பூரில் 2010 இல் இரண்டு கேசினோக்கள் திறந்தன. பிரச்சினைச் சூதாட்டத்துக்கான தேசிய மன்றம் அதற்கு முன்பே, 2005 இல், அமைந்துவிட்டது. அங்கே சிங்பாஸ் என்ற அரச டிஜிட்டல் அடையாளத்தின் மூலம் நுழைந்தால் கேசினோ, கிளப்புகளின் ஜக்பொட் அறைகள், சிங்கப்பூர் பூல்ஸ் ஒன்லைன் கணக்கு என்று எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் விலக்குக் கேட்கலாம். அடையாள இலக்கத்தோடு கட்டியிருப்பதால் பெயர்க் குழப்பம் இல்லை. சுயவிலக்கை நீக்கக் குறைந்தது ஒரு வருடம் பொறுக்கவேண்டும். அங்கே குடும்பத்தவரும் விலக்கு ஆணைக்கு விண்ணப்பிக்கலாம். கேம்ஸ்டொப்பில் அது முடியாது. ஆள் தானே பதியவேண்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து தட்டச்சுக்கு உதவலாம், அவ்வளவுதான். குடும்பத்துக்கு இந்த அதிகாரத்தைக் கொடுப்பது நல்லதா என்பதில் எனக்கு இரண்டு மனம். புருஷன் பெண்சாதி சண்டையில் ஆயுதமாகவும் அது பாவிக்கப்படும்.

அவுஸ்திரேலியாவின் பெட்ஸ்டொப் 2023 ஓகஸ்ட் 21 இல் தொடங்கியது. 3 மாதத்திலிருந்து ஆயுள்முழுக்க வரை தெரிவுசெய்யலாம்.  ஐந்து பேர் வரை துணையாட்களாகப் பெயர் கொடுக்கலாம். பெட்டிங் கொம்பனிகள் தங்கள் ஆப்பிலும் விளம்பரத்திலும் பெட்ஸ்டொப்பைச் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் அது ஒன்லைன், தொலைபேசிப் பந்தயத்துக்கு மட்டும். அந்த நாட்டின் உண்மையான நோயான போக்கி என்ற சூதாட்ட மெஷின்களை அது தொடாது.

பிரித்தானியாவில் முதலில் மாறவேண்டியது இது: ஒரு பதிவு, ஐந்து திட்டத்துக்கும். கேம்ஸ்டொப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் "கடைகளுக்கும் கேசினோவுக்கும் அனுப்பவா?" என்று நான்கு பெட்டி வைத்தால் போதும். அடுத்தது, பதியும்போதே பெயரின் மற்ற வடிவங்களைக் கேட்பது: "உங்கள் பெயரை வேறு எப்படியெல்லாம் எழுதியிருக்கிறீர்கள்?" தமிழருக்கு மட்டுமல்ல, சோமாலியருக்கும் வங்காளிகளுக்கும் அரபுப் பெயர் உள்ளவர்களுக்கும் இதே சிக்கல்தான். மூன்றாவது, ஆப்பில் டெபொசிட் பட்டன் இருக்கும் அதே திரையில் விலக்குப் பட்டன். பத்துப் பவுண்ஸ் போட இரண்டு தட்டு, நிறுத்தத் தேடித் தேடி ஆறேழு தட்டு என்றால் அது தற்செயலாக நடந்ததல்ல.

இவை மாறும்வரை ஊர்ச்சங்கங்களும் கோயில்களும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வரி படிவம், வீசா படிவம் நிரப்ப உதவும் அதே மேசையில் இதற்கும் ஒருவர் இருக்கலாம். பெயர் எழுத்துக்கூட்டல் தெரிந்த ஒருவர், ஒரு லப்டொப், கதவு மூடிய அறை. பத்து நிமிடத்தில் கேம்ஸ்டொப், இன்னும் இருபது நிமிடத்தில் மற்றவை.

அதற்கும் மேலே உதவி தேவைப்பட்டால் கேம்கெயார் நடத்தும் தேசிய உதவி இலக்கம் 0808 8020 133, எந்த நேரமும் எடுக்கலாம், இலவசம். இங்கிலாந்தில் என்.எச்.எஸ். சூதாட்டச் சிகிச்சை நிலையங்கள் 15 இருக்கின்றன. முதலாவது 2008 இல் லண்டனில் திறந்தது. ஜி.பி. கடிதம் தேவையில்லை, நீங்களே பதியலாம், குடும்பத்தவருக்கும் உதவி உண்டு. ஆங்கிலத்தில் கதைக்கக் கூச்சமாக இருந்தால் பதியும்போதே "தமிழ் இன்டர்பிரெட்டர் ப்ளீஸ்" என்று கேளுங்கள். சந்திப்பு நாளன்று கேட்டால் பிந்திவிடும். சொந்தக்காரரை மொழிபெயர்க்கக் கூட்டிப்போகவேண்டாம்: எவ்வளவு கடன் என்று கேட்கும்போது உண்மைத் தொகை வாயில் வராது.